பழைய பாக்ஸ்டரா, அதற்கு அடுத்ததா?

கேள்வி: கூரையை மடித்துவிடக்கூடிய இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரான போர்ஷே பாக்ஸ்டரில், பயன்படுத்திய ஒன்றை வாங்கலாம் என்றிருக்கிறேன். ஏறத்தாழ ஒரே விலையில் இரண்டு கார்கள் அமைந்துள்ளன. ஒன்று 2002-ஆம் ஆண்டின் பாக்ஸ்டர் எஸ் (திறன் கூடிய வகை), 986 தலைமுறை, 3.2 லிட்டர் இன்ஜின். 60,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. கடைசிச் சில ஆண்டுகள் பெரும்பாலும் உறை போர்த்தியே நின்றிருக்கிறது. மற்றது 2007-ஆம் ஆண்டின் சாதாரண பாக்ஸ்டர், 987 தலைமுறை, 2.7 லிட்டர். 1,30,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, ஆனால் சர்வீஸ் ரசீதுகள் அத்தனையும் கையில் இருக்கின்றன. சற்றுச் சிரமப்பட்டால் 2009-ஆம் ஆண்டுக் கார் ஒன்றையும் எட்டிப் பிடிக்கலாம். மூன்றுமே கையால் கியர் மாற்றுபவை. எதை எடுப்பது?

பதில்: முதல் இரண்டில் 2007-ஆம் ஆண்டுக் காரைத்தான் சொல்வேன். குறைவாக ஓடிய காரை விட்டுவிட்டு இரு மடங்குக்கு மேல் ஓடியதைப் பரிந்துரைப்பது விசித்திரமாகத் தோன்றும் என்பதால் காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லியாக வேண்டும்.

986 தலைமுறை 1996 முதல் 2004 வரை உற்பத்தியானது. அதன் இடத்தில் வந்த 987, 2012 வரை நீடித்தது. முகவிளக்கு, உட்புறம், உடலின் விறைப்பு எனப் பலவும் அந்த மாற்றத்தில் மேம்பட்டன. ஆனால் இருக்கைகளுக்குப் பின்னால் படுத்திருக்கும் ஆறு சிலிண்டர் இன்ஜின் மட்டும் அடிப்படையில் பழைய குடும்பத்தையே சேர்ந்ததாக 2008 வரை தொடர்ந்தது. முற்றிலும் புதிய இன்ஜின் 2009-ஆம் ஆண்டு மாடலில்தான், அதாவது 987 தலைமுறையின் நடுவில், வந்தது. ஆகவே 986, 987 என்ற எண்களை மட்டும் வைத்துக்கொண்டு பழையது, புதியது என்று பிரிப்பவர்கள் கோட்டைத் தவறான இடத்தில் போடுகிறார்கள்.

பழைய குடும்ப இன்ஜினில் இடைத்தண்டு என்று ஒன்று உண்டு, மெக்கானிக்குகள் ஐ.எம்.எஸ். என்பார்கள். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியை வாங்கி, செயின்கள் வழியாக, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டுகளுக்குக் கொடுப்பது அதன் வேலை. ஃப்ளைவீல் பக்கத்து, அதாவது கியர்பாக்ஸை ஒட்டிய முனையில் அதைத் தாங்கி நிற்பது ஒரு பால் பேரிங். அந்த பேரிங்கின் இருபுறமும் சீல் வைத்து, உள்ளே கிரீஸ் அடைத்திருப்பார்கள். நாளடைவில் சீல் தளர்கிறது. இன்ஜின் ஆயில் உள்ளே கசிந்து கிரீஸைக் கரைத்துவிடுகிறது. வந்து போகும் ஆயிலாக இருந்தாலாவது பரவாயில்லை. பேரிங்குக்குள்ளேயே தேங்கிப்போன அழுக்கு ஆயிலில்தான் அது அதன்பின் சுழல வேண்டியிருக்கிறது. பேரிங் உடைந்தால் தண்டு ஆடும், செயினின் ஒழுங்கு குலையும், வால்வுகள் பிஸ்டனில் மோதும். அத்தோடு இன்ஜின் போயிற்று. இதில் எச்சரிக்கைக்குப் பெரும்பாலும் அவகாசமே இருக்காது.

இந்த பேரிங் எல்லா ஆண்டுகளிலும் ஒன்றல்ல. தொடக்க ஆண்டுகளில் இரட்டை வரிசை உருண்டைகள் கொண்டதைப் பொருத்தினார்கள். அது ஓரளவு உறுதியானது. 2000-ஐ ஒட்டி ஒற்றை வரிசைக்கு மாறினார்கள். தொல்லை மிகுந்தது அதில்தான். அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரையிலான கார்களுக்காக உரிமையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்து, அது சமரசத்தில் முடிந்த அளவுக்கு விவகாரம் பெரிதாயிற்று. அதன்பின் அளவில் பெரிய பேரிங் வந்தது. 2006 முதல் 2008 வரையிலான கார்களில் இருப்பது இதுதான். இது உடைவது அரிது. ஆனால் இன்ஜின் கூட்டை இரண்டாகப் பிரிக்காமல் இதை வெளியே எடுக்க முடியாது. முந்தைய சிறிய பேரிங்கையோ, கிளட்ச் மாற்றுவதற்காக கியர்பாக்ஸை இறக்கும்போது கூடவே மாற்றிவிடலாம்.

இப்போது உங்கள் இரண்டு கார்களுக்கு வருவோம். 2002-ஆம் ஆண்டுக் காரில் இருப்பது ஒற்றை வரிசை பேரிங். அதோடு, அது பெரும்பாலும் நின்றுகொண்டே இருந்த கார். நிற்கும் இன்ஜினின் ஆயிலில் ஈரமும் அமிலத்தன்மையும் சேரும். கிலோமீட்டர் ஏறவில்லையே என்று ஆயில் மாற்றுவதையும் தள்ளிப்போட்டிருப்பார்கள். வேறு காராக இருந்தால் குறைந்த ஓட்டத்துக்குக் கூடுதலாகப் பணம் தரலாம். இந்த இன்ஜினில் அப்படிச் செய்வது அபாயத்துக்கு விலை கொடுப்பதாகும். ஆண்டுதோறும் ஆயில் மாற்றி, அடிக்கடி நன்றாகச் சூடேற ஓட்டப்பட்ட கார்தான் இங்கே நம்பத் தகுந்தது. உங்கள் 2007-ஆம் ஆண்டுக் காரின் ரசீதுகள் அதைக் காட்டுமானால், 1,30,000 என்ற எண்ணைக் கண்டு மிரள வேண்டியதில்லை.

எஸ் என்ற எழுத்தை இழக்கிறோமே என்ற குறை உங்களுக்கு இருக்கலாம். 2002-ஆம் ஆண்டு எஸ் காரின் திறன் 252 குதிரைத்திறன்; 2007-ஆம் ஆண்டின் சாதாரண காருடையது 245. வேறுபாடு முறுக்குவிசையில் தெரியும்: முன்னதில் 305 நியூட்டன் மீட்டர், பின்னதில் 273. அதாவது தாழ்ந்த சுழற்சியில் 3.2 லிட்டர் தாராளமாக இழுக்கும், 2.7 லிட்டரை மேலே சுழலவிட்டுத்தான் வேலை வாங்க வேண்டும். அதைக் குறையாக நினைப்பவர் இந்தக் காரை ஏன் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்ததில்லை. எஸ் காருக்கு ஆறு கியர், பெரிய பிரேக்குகள் என்ற அனுகூலங்கள் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பொறுத்தவரை இரண்டும் ஹைட்ராலிக் வகையே. மின்மோட்டார் ஸ்டியரிங் வந்தது 2012-இல் வெளியான 981 தலைமுறையில்தான். எனவே பழையதில்தான் சாலை கைக்குத் தெரியும் என்ற பேச்சு இந்த இரண்டுக்கும் இடையில் எடுபடாது.

987-ஐப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. சிலிண்டரின் உட்சுவரில் பிஸ்டன் உரசிக் கீறல் விழும் நோய் இந்த இன்ஜின் குடும்பத்தில் பெரிய கொள்ளளவுகளையே அதிகம் பிடிக்கிறது. 2007, 2008-ஆம் ஆண்டுகளின் 3.4 லிட்டர் எஸ் காரை யாராவது காட்டினால், ஆயில் தொட்டியைக் கழற்றிக் கீழ்ப்பக்கமிருந்து கேமரா விட்டுப் பார்க்காமல் பேச்சைத் தொடங்காதீர்கள். ஸ்பார்க் பிளக் துளை வழியாகப் பார்த்தால் சிலிண்டரின் கீழ்ப்பகுதிக் கீறல் தவறிவிடும். 2.7 லிட்டரில் இது மிகவும் குறைவு. அதற்காகத்தான் சாதாரண காரைப் பரிந்துரைக்கத் தயங்கவில்லை.

2009-ஆம் ஆண்டுக் கார்? இடைத்தண்டே இல்லாத இன்ஜின் என்பதால் மேற்சொன்ன பேரிங் கவலை அடியோடு போய்விடுகிறது. சாதாரண காரின் இன்ஜின் 2.9 லிட்டர், 255 குதிரைத்திறன். அதற்கும் ஆறு கியர் வந்துவிட்டது. காரை மட்டும் ஒப்பிட்டால் மூன்றில் அதுவே சிறந்தது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் ‘சற்றுச் சிரமப்பட்டால்’ என்ற சொற்கள்தான் என்னைத் தடுக்கின்றன. இத்தகைய காரின் சந்தை விலை எவ்வளவு இறங்கினாலும் அதன் உதிரிபாகங்களின் விலை இறங்குவதில்லை. வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுச் செலவுக்கென்று ஒதுக்கி வைத்த பிறகும் 2009 எட்டுமானால் தாராளமாக எடுங்கள். அந்த ஒதுக்கீட்டைத் தின்றுதான் எட்ட முடியுமென்றால் 2007 போதும்.

கேள்வி: 2002-ஆம் ஆண்டுக் காரின் உரிமையாளர், அந்த பேரிங்கை ஏற்கெனவே மாற்றிவிட்டதாகச் சொல்கிறார். அப்படியானால் உங்கள் முடிவு மாறுமா?

பதில்: சொன்னதற்காக மாறாது, காட்டினால் மாறலாம். எந்த வகை பேரிங், எத்தனை கிலோமீட்டரில், யார் பொருத்தினார்கள் என்பவை ரசீதில் இருக்க வேண்டும். பொருத்திய வேலையிடத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். கூடவே கிளட்ச், கிராங்க் ஷாஃப்டின் பின்புற ஆயில் சீல் ஆகியவை அதே ரசீதில் இடம்பெற்றிருந்தால் நம்பகம் கூடும், ஏனென்றால் கியர்பாக்ஸை இறக்கியவர் அவற்றைத் தொடாமல் விடுவது அபூர்வம். மாற்றாக வரும் பேரிங்குகளிலும் குறிப்பிட்ட தூரத்துக்குப் பின் மறுபடி மாற்ற வேண்டியவை உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாங்குவதற்கு முன் ஆயிலை மாற்றிப் பார்க்க உரிமையாளரிடம் அனுமதி கேட்பது நல்லது. செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். கழற்றிய ஆயில் ஃபில்டரின் காகித மடிப்புகளை வெட்டி எடுத்து, வெள்ளைத் துணிமேல் விரித்து, வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும். நண்பர் ஒருவருக்காக நான் இப்படிப் பார்த்த ஒரு காரில், மடிப்புகளின் அடியில் ஊசிமுனை அளவில் மினுமினுப்பு தெரிந்தது. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் அதில் பாதி எழுந்து ஒட்டிக்கொண்டது. அலுமினியத் துகளாக இருந்தால் காந்தம் இழுக்காது, இழுபட்டது இரும்பு. பேரிங், செயின், கியர் போன்ற எஃகுப் பாகம் எதுவோ தேய்கிறது என்பது அதன் பொருள். எஞ்சிய பாதியும் நல்ல சேதியன்று. உரிமையாளர் மிகவும் நல்ல மனிதர். அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது என்றே நினைக்கிறேன். கறுப்பான பிளாஸ்டிக் துணுக்குகள் ஒன்றிரண்டு கிடந்தால் அஞ்ச வேண்டாம், அவை செயின் வழிகாட்டிகளின் தேய்மானமாக இருக்கும். கைநிறைய இருந்தால் அது வேறு விஷயம்.

ஆதாரங்கள் எல்லாம் சரியாக இருந்து, ஃபில்டரும் சுத்தமாக இருந்தால், 2002-ஆம் ஆண்டுக் காரை ஒதுக்குவதற்கான என் முக்கியக் காரணம் வலுவிழந்துவிடும். அந்நிலையில் இரண்டையும் ஓட்டிப் பார்த்து உங்கள் மனத்துக்குப் பிடித்ததை எடுக்கலாம்.

கேள்வி: 60,000 கிலோமீட்டர் என்பது உண்மையா என்று எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: டயர்களிலிருந்து தொடங்குங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2312 என்றால் 2012-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. குறைவாக ஓடிய காரில் பழைய டயர் இருப்பது இயல்பு, அவற்றை மாற்றும் செலவைப் பேரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். புத்தம்புதிய டயர்கள் இருந்து, முந்தையவை எப்போது தேய்ந்தன என்பதற்கு விடை இல்லையென்றால் யோசிக்க வேண்டும்.

இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி இதைவிடத் தெளிவான சாட்சி. உரிய கருவியை இணைத்தால் இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை 2002-ஆம் ஆண்டுக் காரிலேயே படித்துவிடலாம். கிலோமீட்டரை மணியால் வகுத்துப் பாருங்கள். 1,500 மணி என்றால் சராசரி வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர், நம்பலாம். 4,000 மணி என்று வந்தால் சராசரி 15 ஆகிவிடுகிறது. ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாழ்நாள் முழுதும் நெரிசலிலேயே ஊர்ந்திருந்தாலொழிய அந்தக் கணக்கு பொருந்தாது. இன்ஜின் எத்தனை முறை அளவுமீறிச் சுழன்றது என்பதும் அதே கருவியில் வரும். நான்காவது கியருக்குப் பதில் இரண்டாவதில் தவறிப்போய்ப் போட்டிருந்தால் அது அங்கே பதிவாகியிருக்கும். எத்தனையாவது மணியில் நடந்தது என்பதும் தெரியும். நூறு மணி நேரத்துக்கு முன் நடந்து, இன்ஜின் இன்னும் சீராக ஓடுகிறதென்றால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். சென்ற வாரம் நடந்திருந்தால் விலகிவிடுங்கள்.

கேள்வி: மேற்கூரையில் பார்க்க வேண்டியது ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. 2002 வரையிலான கார்களில் பின்கண்ணாடி உண்மையில் கண்ணாடியே அல்ல, ஒளிபுகும் பிளாஸ்டிக். மடித்து மடித்து மங்கிக் கீறும். கண்ணாடி வந்தது 2003-இல். உங்கள் கார் அதற்கு ஓராண்டு முந்தையது என்பதால் பின்னோக்கிப் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறதா என்று உட்கார்ந்தே பாருங்கள்.

கூரையின் அடிப்பக்கத்தில் மழைநீர் வடிவதற்கான துளைகள் இருக்கும். இலைச் சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கித் தரைவிரிப்பின் அடியில் தேங்கும். 986-இல் சாவியை அடையாளம் காணும் மின்னணுப் பெட்டி இருக்கைக்கு அடியில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. அது நனைந்துவிட்டால் கார் ஸ்டார்ட் ஆகாது, மாற்றுவதும் மலிவான வேலையன்று. கார் பார்க்கப் போகும்போது இருக்கையை முழுதும் பின்னால் தள்ளி, விரிப்பைத் தூக்கி, அடியிலுள்ள நுரைப்பஞ்சைக் கையால் அழுத்துங்கள். ஈரம் கசிந்தாலோ புழுங்கல் வாடை வந்தாலோ, ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே அதைப் பற்றிப் பேசிவிடுங்கள். ஓட்டிய பிறகு உங்களுக்குப் பேரம் பேச மனம் வராது.