டிராம் ஓட்டிய வரலாற்றாசிரியர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் பற்றிய உங்கள் கட்டுரையில், 1968இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் சோவியத் படை நுழைந்த பிறகு அவர் பிராக் நகரை விட்டுக் கிளம்பினார் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருந்தீர்கள். கிளம்பாமல் அங்கேயே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று தேடிப் படித்தேன். ஷ்மஹெல் என்ற வரலாற்றாசிரியர் பிராக் தெருக்களில் டிராம் ஓட்டியிருக்கிறார். நானும் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவன். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

இரண்டு கேள்விகள். எழுத வேண்டியதை எப்படியோ எழுதிவிட்டார்கள், 1989இல் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த பிறகு கௌரவமாகத் திரும்பியும் வந்துவிட்டார்கள். அப்படியானால் அந்த அரசு தோற்றுவிட்டது என்றுதானே சொல்ல வேண்டும்? இரண்டாவது, கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு வேலையைக் காப்பாற்றியிருந்தால் இன்னும் நிறைய எழுதியிருக்க மாட்டார்களா?

அன்புடன்,
கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

ஃப்ரான்டிஷேக் ஷ்மஹெல் ஹுசைட் காலத்தை ஆராய்ந்தவர். 1415இல் யான் ஹுஸ் என்ற பாதிரியாரைக் கான்ஸ்டன்ஸ் நகரில் மதத்துரோகி என்று எரித்தார்கள். அவரைப் பின்பற்றியவர்கள் பொஹீமியாவில், அதாவது இன்றைய செக் நாட்டில், கிளர்ந்தெழுந்து, அடுத்தடுத்து வந்த சிலுவைப் படைகளைத் தோற்கடித்தார்கள். செக் மக்கள் தங்களைப் பற்றி நினைத்துக்கொள்வதில் பாதி அந்தக் காலத்திலிருந்து வருவது. ஷ்மஹெல் அதில் பெயரெடுத்திருந்தபோதுதான் வேலை போனது. 1970களின் நடுவிலிருந்து சில வருடம் டிராம் ஓட்டினார். பிறகு தாபோர் ஊர் அருங்காட்சியகத்தில் இடம் கிடைத்தது. ஹுசைட்டுகளே 1420இல் உருவாக்கிய ஊர் அது. ஹுசைட் புரட்சி பற்றிய அவரது நான்கு தொகுதி நூல் 1993இல் வந்தது. இன்றைக்கும் அந்தக் காலத்தைப் பற்றி யார் எழுதினாலும் அதைத் தொடாமல் எழுத முடியாது.

ஏன் வரலாற்றாசிரியர்கள் மேல் அவ்வளவு கோபம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1968 ஆகஸ்டு 21 அன்று படைகள் நுழைந்தன. அறிவியல் அகாதமியின் வரலாற்று நிறுவனத்தில் இருந்தவர்கள் செய்த காரியம், அந்த ஒரு வாரத்தில் வெளியான துண்டறிக்கை, சுவரொட்டி, வானொலி அறிவிப்பு, செய்தித்தாள் எல்லாவற்றையும் சேகரித்தது. 21 முதல் 27 வரையிலான ஏழு நாட்களையும் ஆவணங்களாகவே அடுக்கி அந்த ஆண்டுக்குள் அச்சிட்டுவிட்டார்கள். 'எங்களை அழைத்தார்கள், வந்தோம்' என்று சோவியத் தரப்பு ஒரு வெள்ளைப் புத்தகம் போட்டிருந்தது. இவர்களுடையதைக் கறுப்புப் புத்தகம் என்றே மக்கள் அழைத்தார்கள். அதில் வாதமே கிடையாது, எந்த நாளில் யார் என்ன சொன்னார் என்பது மட்டும்தான். ஒரு வரலாற்றாளன் செய்யக்கூடியதிலேயே நேர்மையான வேலை அது என்பேன். அதற்காக மிலான் ஒதாஹல், விலேம் ப்ரெச்சன் இருவர் மீதும் குற்ற விசாரணை தொடங்கியது.

அப்புறம் களையெடுப்பு. கம்யூனிஸ்ட் கட்சியிலிருந்து மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரை நீக்கினார்கள். ப்ரெச்சன் கொதிகலனுக்குக் கரி தள்ளினார். ஆனால் மாலை நேரங்களில் ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தார். பெயர், எந்த நிறுவனத்தில் இருந்தார், எப்போது நீக்கப்பட்டார், இப்போது என்ன வேலை செய்கிறார். 145 வரலாற்றாசிரியர்கள். 1975இல் சான் பிரான்சிஸ்கோவில் உலக வரலாற்றாளர் மாநாடு கூடியபோது அந்தப் பட்டியல் அங்கே போய்ச் சேர்ந்தது. அதே மாநாட்டுக்கு செக்கோஸ்லோவாக்கிய அரசின் அதிகாரபூர்வக் குழுவும் வந்திருந்தது. எங்கள் நாட்டில் வரலாற்றியல் செழிக்கிறது என்று சொல்ல வந்தவர்கள் முன்னால் அந்த 145 பெயர்கள்.

யான் கிர்ஷென் என்பவரின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். செக்கர்களும் ஜெர்மானியர்களும் ஒரே மண்ணில் எப்படி வாழ்ந்தார்கள், எப்படிப் பிரிந்தார்கள் என்பதுதான் அவரது ஆய்வு. வேலை போன பிறகு தண்ணீர் வளத்துக்கான ஓர் அரசு நிறுவனத்தில் தொழிலாளியாகச் சேர்ந்தார். கிராமப்புறத்தில் துளை போட்டு, பம்பு வைத்து, நாள்கணக்கில் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பார்கள். மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று இரவு பகலாகக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை அளந்து எழுத வேண்டும். பம்பு ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள ஆள் அங்கேயே ஒரு சக்கர வண்டிக் குடிலில் தங்கிவிட வேண்டும். ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவில் இருக்கும் நேரம் அவர்களுடையது. வேலை இழந்த எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் இந்த வேலையைத் தேடிப் போனதற்குக் காரணம் அதுதான். ஆவணக் காப்பகத்துக்குள் நுழைய முடியாது. பழைய குறிப்பேடுகள், ஏற்கெனவே அச்சில் வந்த மூல ஆவணங்கள், நண்பர்கள் எடுத்துக் கொடுக்கும் நூல்கள், அவ்வளவுதான் கையிருப்பு. அந்த நிலையில் கிர்ஷென் 1780 முதல் 1918 வரையிலான செக்-ஜெர்மன் உறவின் வரலாற்றை எழுதினார். முதலில் டொராண்டோவில் 1989இல் வெளியானது.

எழுதியதைப் பரப்பிய விதமும் சொல்ல வேண்டியது. மெல்லிய தாள்களுக்கு நடுவில் கார்பன் வைத்து தட்டச்சு இயந்திரத்தில் ஓங்கி அடிப்பார்கள். பத்துப் பன்னிரண்டு பிரதி கிடைக்கும். கடைசிப் பிரதியை வெளிச்சத்தில் பிடித்துத்தான் படிக்க வேண்டும். 1978 முதல் இப்படியே ஒரு வரலாற்று ஆய்விதழ் நடத்தினார்கள், அடிக்குறிப்புகளோடு. எனக்கு அந்த அடிக்குறிப்புகள் மேல் தனி மரியாதை உண்டு. கேள்வி கேட்க ஆளில்லை, பதவி உயர்வும் கிடையாது. ஆனாலும் ஒரு மேற்கோளுக்குப் பக்க எண் போடாமல் விட மனசு வரவில்லை.

சரி, புத்தகங்கள் எழுதப்பட்டுவிட்டன. அது வரைக்கும் நீங்கள் சொல்வது உண்மை. அரசு தோற்றது என்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அவர்கள் குறி வைத்தது புத்தகத்தைவிட வகுப்பறையை. அந்த விஷயத்தில் அவர்கள் பெருமளவு ஜெயித்தார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டுச் செக் அறிவுலகத்தைக் கொஞ்சம் பின்னாலிருந்து பாருங்கள். 1939 நவம்பர் 17 அன்று நாஜிகள் செக் பல்கலைக்கழகங்களையெல்லாம் இழுத்து மூடினார்கள். அன்று விசாரணையே இல்லாமல் கொல்லப்பட்ட ஒன்பது பேரில் ஒருவர் வரலாற்றாசிரியர் யோசெஃப் மத்தோஷெக். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை வதைமுகாமுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று வருடம் என்று சொல்லி மூடியது 1945 வரை திறக்கவில்லை. திறந்து மூன்று வருடம் ஆவதற்குள் 1948இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்து அடுத்த வெளியேற்றம். இருபது வருடம் கழித்து 1968, அதன்பின் இன்னொரு வெளியேற்றம். ஆசிரியரிடமிருந்து மாணவருக்குப் போகிற ஓட்டம் முப்பது வருடத்தில் மூன்று முறை அறுந்திருக்கிறது.

தத்துவவாதி யான் பட்டோச்காவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் தத்துவவாதி ஹுசர்லிடம் படித்தவர். வரலாறு என்றால் என்ன, அது எங்கே தொடங்குகிறது என்று அந்த நாட்டில் அவர் அளவுக்கு ஆழமாக யோசித்தவர் இல்லை. அப்படிப்பட்டவர் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய காலம் எவ்வளவு? போருக்கு முன் கொஞ்சம், 1945க்குப் பிறகு நாலைந்து வருடம், பிறகு 1968 முதல் 1972 வரை. 1972இல் கட்டாய ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் வீடுகளில்தான் வகுப்பு. 1973இல் பிளேட்டோவையும் ஐரோப்பாவையும் பற்றி அவர் வீட்டு வகுப்பில் பேசியதை மாணவர்கள் ஒலிநாடாவில் பதிவு செய்து எழுத்தாக்கினார்கள். அந்தப் புத்தகத்தை இன்று உலகம் முழுக்கப் படிக்கிறார்கள். ஆனால் அந்த அறையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்க முடியும்? பல்கலைக்கழக அரங்கில் இருந்திருக்க வேண்டிய மற்ற மாணவர்கள் எங்கே போனார்கள்?

1977 ஜனவரியில் மனித உரிமைக்கான சாசனம் 77 வெளியானபோது அதன் மூன்று பேச்சாளர்களில் பட்டோச்கா ஒருவர். வாட்ஸ்லவ் ஹாவெலும் யிரி ஹாயெக்கும் மற்ற இருவர். மார்ச் 1 அன்று நெதர்லாந்து வெளியுறவு அமைச்சரைச் சந்தித்தார். தொடர்ந்து நீண்ட போலீஸ் விசாரணைகள். 69 வயது, உடம்பு சரியில்லை. மருத்துவமனையில் படுத்துக்கொண்டே இன்னொரு கட்டுரை எழுதினார். துன்பப்படத் தகுந்த விஷயங்கள் உண்டு என்பது மக்களுக்கு மறுபடி தெரிய ஆரம்பித்திருக்கிறது என்று அதில் சொல்கிறார். மார்ச் 13 அன்று மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார்.

பிரெவ்னோவ் கல்லறையில் அடக்கம் நடந்தபோது மேலே ஹெலிகாப்டர் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து மைதானத்தில் மோட்டார் சைக்கிள்களை உறுமவிட்டார்கள். பாதிரியார் சொன்னது யார் காதிலும் விழவில்லை. யாரும் மலர்வளையம் வாங்கக் கூடாது என்று நகரத்துப் பூக்கடைகளையும் மூடவைத்தார்கள். ஓர் ஆசிரியரின் சவ ஊர்வலத்துக்கு இவ்வளவு செய்தார்கள் என்றால், அவர் வகுப்பெடுப்பதை எந்த அளவுக்குப் பயந்திருப்பார்கள் என்று யோசியுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. போலீஸ் கையில் சிக்குவதற்குள் அவருடைய கையெழுத்துப் பிரதிகளை மாணவர்கள் வீட்டிலிருந்து அப்புறப்படுத்திவிட்டார்கள். இவான் க்வாட்டிக்கும் நண்பர்களும் அடுத்த பன்னிரண்டு வருடம் அவற்றைத் தட்டச்சு செய்து இருபதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாகச் சேர்த்தார்கள். அவர் பெயரில் இன்று பிராகில் இருக்கும் ஆவணகம் அப்படித் தொடங்கியதுதான். வீட்டு வகுப்பில் உருவான மாணவர்கள் சிலர்தான், ஆனால் அவர்கள்தான் இதைச் செய்தார்கள்.

நீக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் மறுத்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அப்பா எழுதுவதை முழுக்கத் தடுக்க முடியாது, மகள் படிப்பதைத் தடுத்துவிடலாம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 'வாயை மூடிக்கொண்டிருந்தால்' என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். அந்த நாட்களில் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதாது. படையெடுப்பை ஆதரிக்கிறாயா என்று கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள், ஆமாம் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னவர்கள் எல்லோரையும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். குடும்பம் இருக்கிறது, வேறு தொழில் தெரியாது. யிர்ஷினா ஷிக்லோவா என்ற சமூகவியலாளர், தானும் வேலை இழந்து துப்புரவுப் பணி செய்தவர், 1981இல் சிறைக்கும் போனவர். அவரே பின்னாளில் அந்த நடுவாந்திர ஆட்களைச் சாம்பல் மண்டலம் என்று குறிப்பிட்டு அவர்கள் பக்க நியாயத்தை எழுதினார். நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துக் கொடுத்தது, கண்டும் காணாமல் இருந்தது எல்லாம் அவர்கள்தானே.

யோசெஃப் மட்செக் வேறு வகை. 1950களில் வரலாற்று நிறுவனத்தின் இயக்குநர், கட்சியில் பெரிய ஆள். 1968க்குப் பிறகு இறக்கப்பட்டு, மொழி நிறுவனத்தில் பழைய செக் அகராதி வேலைக்குப் போனார். அந்த மேசையில் உட்கார்ந்துகொண்டே பொஹீமியாவை 15, 16ஆம் நூற்றாண்டுகளில் ஆண்ட யகெல்லோனிய அரசர்களின் காலத்தைப் பற்றிய மாபெரும் நூலை எழுதி வைத்தார். அது அச்சில் வருவதற்குள் 1991இல் இறந்துவிட்டார்.

மட்செக் பெயர் வரும்போது ஸ்டெனெக் கலிஸ்தாவைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் யோசெஃப் பெகார்ஷ் என்ற பெரிய வரலாற்றாசிரியரின் மாணவர், பரோக் காலத்தை, அதாவது 17, 18ஆம் நூற்றாண்டுகளை, நேசித்தவர். 1951இல் கைதானார். 15 வருடத் தண்டனை, 1960இல்தான் வெளியே வந்தார். 1982இல் இறக்கும்வரை பல்கலைக்கழகம் அவருக்குத் திறக்கவில்லை. பின்னால் 1970இல் பாதிக்கப்பட்டவர்களில் பலர், அவர் சிறையில் இருந்த அந்த 1950களில் இளம் மார்க்சியர்களாக நிறுவனங்களுக்குள் இருந்தார்கள், சிலர் அந்த ஆட்சியை உற்சாகமாக ஆதரித்தவர்கள். அவர்களே பின்னாளில் மனம் மாறி, விலை கொடுத்து, உண்மைக்காக நின்றார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துத்தான் பார்க்க வேண்டும். முதல் பாதியை மறைத்துவிட்டு அவர்களைத் தியாகிகளாக்கினால் கலிஸ்தாவுக்கு மறுபடியும் அநியாயம் செய்ததாகிவிடும்.

அவர்களுக்குள்ளேயே இந்தச் சண்டை நடந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 1978இல் யான் மிளினாரிக் என்ற ஸ்லோவாக் வரலாற்றாளர் புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதினார். 1945க்குப் பிறகு சுமார் 30 லட்சம் ஜெர்மானியர்களை நாட்டை விட்டு வெளியேற்றியது குற்றம் என்றார். தடைசெய்யப்பட்ட ஆட்களே அவர் மேல் பாய்ந்தார்கள். 1984இல் வரலாற்றுக்கான உரிமை என்று சாசனம் 77 ஓர் அறிக்கை வெளியிட்டபோது, கத்தோலிக்கப் பார்வையில் எழுதப்பட்டிருக்கிறது என்று வேறு சிலர் காட்டமாக மறுத்தார்கள். எல்லோரையும் ஒரே போலீஸ் துரத்திக்கொண்டிருந்தது. அப்போதும் கார்பன் தாளில் ஒருவரையொருவர் பக்கம் பக்கமாக மறுத்து எழுதினார்கள். ஒற்றுமைக்காகக் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆய்வு உயிரோடு இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி எனக்குத் தெரியவில்லை.

1990இல் கதவு திறந்தது. ஷ்மஹெல் வரலாற்று நிறுவனத்தின் இயக்குநரானார். ஜெர்மனியிலிருந்து திரும்பிய ப்ரெச்சன் சமகால வரலாற்று நிறுவனத்துக்கு முதல் இயக்குநர். கிர்ஷென் சார்லஸ் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். மூவரும் அறுபதை நெருங்கியவர்கள். நாட்டை விட்டுப் போய் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பேராசிரியராக இருந்த வரலாற்றாசிரியர் ஃப்ரான்டிஷேக் கிரௌஸ் அதைப் பார்க்காமலே 1989இல் போய்விட்டார். இவர்களிடம் இருபது வயதில் படித்து அப்போது நாற்பதில் இருந்திருக்க வேண்டிய மாணவர்களை எந்த அரசாணையாலும் திருப்பிக் கொடுக்க முடியாதே.

கடைசியாக நம் சுவெலபில். வெளியேறியதால் அவருடைய பெரிய ஆங்கில நூல்கள் நமக்குக் கிடைத்தன. நெதர்லாந்தின் உட்ரெக்டில் பேராசிரியராக இருந்தார், 2009இல் பிரான்சில் இறந்தார். நமக்கு லாபம், பிராக் மாணவர்களுக்கு நஷ்டம். அங்கே தமிழ் வகுப்பு அறுந்துபோகாமல் பிடித்துக்கொண்டவர் யரோஸ்லவ் வாட்செக். 2017இல் மறைந்தார். அவரைப் பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுத வேண்டும், நீங்களே எழுதினாலும் சரி. பட்டோச்காவின் வரலாற்றுத் தத்துவக் கட்டுரைகள் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. முதல் கட்டுரை கொஞ்சம் கடினம். ஆறாவதான போர்களைப் பற்றிய கட்டுரையிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள்.