ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு வீடியோ தயாரிப்பு நிறுவனம் தொடங்கலாமா? எந்த கேமரா வாங்கலாம்?

தொடங்கலாம். கேமரா விஷயத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கோவையில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது மூன்று பேர் கொண்ட சின்ன நிறுவனம் நடத்துகிறேன். கல்யாண வேலை எடுப்பதில்லை. அதற்கு ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தவிர, ஆடியும் மார்கழியும் வந்தால் சும்மா உட்கார வேண்டும். பம்ப்செட், வார்ப்படம், ஜவுளி இயந்திரம் செய்கிறவர்களுக்கு எடுத்துத் தரும் ஐந்து நிமிடப் படங்கள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன.

இங்கே வாத்தியாருக்கு ஒரு சாதகம் உண்டு. ஒரு பம்ப் கம்பெனி முதலாளி பக்கம் பக்கமாகப் புகழுரை அச்சடித்துக் கொடுத்து, "சார், இதெல்லாம் அப்படியே வாய்ஸ் ஓவர்ல வரோணுங்க" என்றார். நான் மேசைமேல் இருந்த இம்பெல்லரை (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) எடுத்து அவர் கையில் கொடுத்து, "பத்தாவது படிக்கிற பையனுக்கு இதை எப்படிங்க விளக்குவீங்க?" என்று கேட்டேன். ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. படத்தில் இருப்பது அந்தப் பேச்சு மட்டுமே; புகழுரையில் ஒரு வரிகூட இல்லை.

பாடமும் சில இடங்களில் கைகொடுக்கிறது. ஷட்டரை, அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் ஒளி விழும் நேரத்தை, 1/60 நொடியில் வைத்தால் தொழிற்சாலை விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 25 பிரேமும் 1/50 ஷட்டரும் வைத்தால் பெரும்பாலும் போய்விடும். மாறுதிசை மின்னோட்டம் நடத்தியவருக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, கேமரா. வாடகைக்கு எடுங்கள். காசு போட வேண்டியது நல்ல காலர் மைக்கிலும் ஹார்ட் டிஸ்க்கிலும். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வேகத்தில் 4கே பதிவு செய்தால் மணிக்கு 45 ஜிபி போகும், அதையும் இரண்டு பிரதி வைக்க வேண்டும். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே ஆரம்பத்துக்குப் போதும்.

ஒன்றாம் தேதி சம்பளம் வாங்கிப் பழகியவர்களுக்கு உண்மையான அடி பண விஷயத்தில்தான் விழும். ஒரு நிறுவனம் எங்கள் படத்தைக் கண்காட்சியில் ஓட்டி ஆர்டரும் பிடித்துவிட்டு, "அக்கவுண்ட்ஸ்ல சொல்லியிருக்கேன்" என்றே மாதக்கணக்கில் இழுத்தது. அதன்பிறகு பாதிப் பணம் முன்பே வராமல் ஷூட்டிங் கிடையாது. பார்வைக்கு அனுப்புவது வாட்டர்மார்க் போட்ட பிரதி மட்டும். ஜிஎஸ்டி ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாகக் கட்டாயமில்லை. ஆனால் உத்யம் பதிவை (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) முதல் நாளே செய்துவிடுங்கள், இலவசம்தான். இப்படிப் பதிந்த குறு, சிறு நிறுவனங்களுக்கு வாடிக்கையாளர்கள், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தந்தாக வேண்டும். தாமதித்தால், 2023-24 நிதியாண்டிலிருந்து, பணம் கொடுத்த ஆண்டில்தான் அவர்கள் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். நிதியாண்டு மார்ச்சில் முடியுமுன், பிப்ரவரியிலேயே அவர்களுடைய ஆடிட்டர் காதில் இதைப் போட்டுவையுங்கள். நாம் பத்து முறை போன் செய்வதைவிட வேகமாக வேலை நடக்கும்.

வேலையை விடுவதானால் பொதுத்தேர்வு முடிந்தபிறகு விடுங்கள். பிள்ளைகளுக்கும் நல்லது, பள்ளியோடு மனக்கசப்பும் வராது. அட்மிஷன் சீசனில் பள்ளிகளுக்கு வீடியோ தேவைப்படும், முதல் வாடிக்கையாளர் அங்கேயே கிடைக்கலாம். உங்கள் ஒரிஜினல் சான்றிதழ்கள் பள்ளி அலுவலகத்தில் இருந்தால் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் எப்படிச் சொல்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் மாமனார் இன்னமும் "மாப்பிள்ளை ஸ்கூல்ல லீவு போட்டிருக்கார்" என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதற்கு என்னிடம் வழி இல்லை.