பாதம் ஏன் முதலில் மரத்துப்போகிறது?

அன்புள்ள ஐயா,

நரம்புகளைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். என் அம்மாவுக்கு நிணநீர்ப் புற்றுநோய். மூன்று மாதமாகக் கீமோ ஏற்றுகிறார்கள். அதில் வின்கிரிஸ்டினும் உண்டு. கழுத்துக் கட்டி கரைந்துவிட்டது. ஆனால் பாதம் மரத்துவிட்டது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடக்கிறார். புளியில் கொட்டை எடுக்க உட்கார்ந்தால் விரல் நுனியில் கொட்டை தட்டுப்படவில்லை என்கிறார். நரம்புப் பாதிப்பு என்றார் டாக்டர். அதற்குமேல் கேட்கத் தயக்கம். மருந்து உடம்பு முழுக்கத்தானே ஓடுகிறது, பாதத்தை மட்டும் ஏன் முதலில் பிடிக்கிறது?

பெயர் வேண்டாம், பாலக்கோடு.

அன்புள்ள நண்பருக்கு,

கட்டி கரைந்துவிட்டது என்ற வரியை இரண்டு முறை படித்தேன். அம்மாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

தூரம்தான் காரணம். கால் பெருவிரலின் உணர்வை ஏந்திவரும் நரம்புச் செல்லின் உடல், கீழ்முதுகில் முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத உருண்டை. அதிலிருந்து கிளம்பும் இழை எங்கும் அறுபடாமல் பெருவிரல் வரை ஓடுகிறது, ஏறக்குறைய 1 மீட்டர். ஒரே செல்! அந்த நுனிக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பகுதி முதுகில்தான் தயாராகிறது. பாதத்தில் உலை கிடையாது, சோறு மேலேயிருந்துதான் வர வேண்டும். தானாகக் கசிந்து பரவட்டும் என்று விட்டால் ஒரு புரதம் அந்த 1 மீட்டரைக் கடக்க ஆயிரம் ஆண்டுக்கும் மேல் ஆகும்.

அதற்காகத்தான் செல்லுக்குள் பாதை போட்டிருக்கிறது. டியூபுலின் என்ற புரத மணிகளை அடுக்கிக் கட்டிய நுண்குழல்கள் அவை, தடிமன் 25 நானோமீட்டர். அவற்றின்மேல் கைனசின் என்ற புரதம் இரண்டு கால்களை மாற்றி மாற்றி வைத்து, சரக்குப் பையைச் சுமந்து நடக்கிறது. ஓர் அடி 8 நானோமீட்டர். அடிக்கு ஒரு ஏடிபி மூலக்கூறு செலவு, செல்லின் எரிபொருள் அதுதான். கணக்குப் போட்டால் பாதம் சேர 12½ கோடி அடி! ஒரே கைனசின் அவ்வளவு தூரமும் போவதில்லை. ஒரு மைக்ரோமீட்டர் போல நடந்ததும் பிடி விட்டுவிடும். அதே பையைப் பற்றியிருக்கும் இன்னொன்று தொடரும். சாமி தூக்குகிறவர்கள் தோள் மாற்றிக்கொள்வதைப் போல. வேகமான சரக்கு நாளைக்குச் சுமார் 40 செ.மீ. போகும். இன்று காலையில் அம்மாவின் முதுகிலிருந்து கிளம்பியது நாளை மறுநாள் இரவு வாக்கில் பெருவிரலைத் தொடும். பாதத்திலிருந்து முதுகுக்குத் திரும்புகிற சுமை டைனீன் என்ற இன்னொரு புரதத்தினுடையது. ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் மூவரும் 1985-இல் கணவாய் மீனின் பருத்த நரம்பிழையில் கைனசினைக் கண்டுபிடித்தார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும் சேதி இது.

வின்கிரிஸ்டின் போய் ஒட்டுவது அந்த டியூபுலினில். புற்றுச் செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்க, டியூபுலினைக் கொண்டுதான் கயிறு திரிக்கிறது. மருந்து ஒட்டினால் கயிறு திரியாது, செல் பாதியில் நின்று சாகிறது. நரம்புச் செல் பிரிவதே இல்லை. ஆனால் அதன் பாதையும் அதே டியூபுலின்தான். கட்டி கரைந்ததும் பாதம் மரத்ததும் மருந்தின் ஒரே வேலை, இரண்டு இடத்தில் நடந்தது. பாதை அங்கங்கே கெடும்போது மிக நீளமான இழையின் கடைசி நுனிதான் முதலில் பட்டினி கிடக்கும். அதனால் முதலில் பாதம், அப்புறம் கைவிரல்.

அந்த மருந்து நித்தியகல்யாணியிலிருந்து வந்தது. நம் வாசலிலும் சுடுகாட்டோரத்திலும் பூக்கிற அதே செடிதான், பூர்வீகம் மடகாஸ்கர். கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் அது சர்க்கரையைக் குறைக்குமா என்று பார்க்கப் போய், வெள்ளணுக்கள் குறைவதைக் கண்டார்கள். 1958-இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து கிடைத்தது, பிறகு அதே செடியிலிருந்து வின்கிரிஸ்டின். செடிதானே என்று யாராவது இலையைக் கஷாயம் வைத்துக் கொடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள்.

மருந்து முடிந்த பிறகு பலருக்கு மாதக்கணக்கில் மெல்ல உணர்வு திரும்புகிறது. சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் நிற்கும். நிறுத்திய உடனே சில வாரம் கூடுதலாக மரத்தாலும் பயப்பட வேண்டாம். அதுவரை தினமும் ராத்திரி அம்மாவின் உள்ளங்காலை நீங்களே விளக்கு வைத்துப் பாருங்கள், முள் ஏறியிருந்தாலும் அவருக்குத் தெரியாது. வெந்நீரின் சூட்டை அவர் கால் வைத்துப் பார்க்க வேண்டாம், நீங்கள் கை வைத்துப் பாருங்கள். அடுத்த ஊசிக்கு முன் டாக்டரிடம் தயங்காமல் செருப்பு கழன்றதையும் புளிக்கொட்டை தட்டுப்படாததையும் இப்படியே சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா தள்ளிப்போடுவதா என்று அவர் முடிவெடுக்க அந்த இரண்டு சேதியும் வேண்டும்.