தூரிகை பதில்கள்: நிழலைத் துரத்தாதீர்கள்

கேள்வி: ஏற்காடு லேடீஸ் சீட்டில் உட்கார்ந்து வாட்டர்கலர் வரைகிறேன். தொடங்கும்போது இருந்த வெயில் முடிக்கும்போது இல்லை. நடுவில் மூடுபனி வேறு இறங்கிவிடுகிறது. கடைசியில் எந்த நேரத்துப் படம் என்றே தெரிவதில்லை. என்ன செய்வது?
– வாசகி, அஸ்தம்பட்டி

நிழல் நகர நகர நீங்களும் கூடவே ஓடுகிறீர்கள். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. மார்ச், செப்டம்பரில் நம் பக்கம் காலை எட்டேகால் மணிவாக்கில் பத்தடிக் கம்பத்தின் நிழல் ஏறக்குறைய 18 அடி இருக்கும்; ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள், பத்தடி சொச்சம்தான். ஒரே படத்தில் இந்த மரத்துக்கு ஒரு நிழல், அந்த மரத்துக்கு வேறு நிழல் விழுந்தால் பார்ப்பவருக்குக் காரணம் புரியாது; ஆனால் ஏதோ இடிக்கும்.

உட்கார்ந்ததும் நிழல்களின் ஓரத்தை மட்டும் பென்சிலால் குறியுங்கள். தாளின் மூலையில் மணியை எழுதுங்கள். அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்த சாம்பல் நிறத்தை எல்லா நிழலுக்கும் ஒரே மூச்சில் பூசிவிடுங்கள். அதன்பின் சூரியன் எங்கே போனாலும் உங்களுக்குக் கவலையில்லை. நன்றாகக் காய்ந்த பிறகு மேலே பச்சையைப் பூசும்போது ஒரே இழுப்புதான். தேய்த்தால் அடியில் உள்ள நிழல் கரைந்து கலங்கிவிடும்.

ஒரு பெரிய தாளோடு மல்லுக்கட்டுவதைவிட ஏ4 தாளைப் பாதியாக வெட்டி மூன்று எடுத்துப் போங்கள். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தாள். முடியாததை மறுநாள் அதே நேரத்தில் தொடரலாம். 1892, 1893-ல் பிரான்சின் ரூவான் தேவாலயத்தை வரைந்த பிரெஞ்சு ஓவியர் மோனே செய்தது இதைத்தான்: பல கேன்வாஸ்களை வைத்துக்கொண்டு வெளிச்சம் மாற மாற அடுத்ததற்குத் தாவினார். முப்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் தேறின. எல்லாம் அங்கேயே முடிந்தவை என்று பலர் நினைக்கிறார்கள்; ஊர் திரும்பி 1894 வரை ஸ்டுடியோவில் கை வைத்திருக்கிறார். நீங்களும் வீட்டில் முடித்தால் குற்றமில்லை.

மூடுபனிக்குத் தனித் தாள் வையுங்கள், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத்தில். முழுவதும் சுத்தத் தண்ணீர் பூசி, பளபளப்பு மங்கத் தொடங்கும் நேரத்தில் தூரத்து மலையை வெளிறிய நீலத்தில் இழுங்கள். மலையின் அடிவிளிம்பை ஈரத் தூரிகையால் கரைத்துவிட்டால் பனி தானாக வந்துவிடும். கிட்டத்துச் சில்வர் ஓக் மரங்கள் தாள் காய்ந்த பிறகுதான். சேலத்துச் சித்திரை வெயிலில் சில நிமிடங்களில் காயும் தாள், பனிக்குள் அரை மணி ஆனாலும் ஈரம் விடாது. பொறுமை இழந்து பாதி ஈரத்தில் நீர் சொட்டும் தூரிகையை வைத்தால் காலிஃப்ளவர் மாதிரி கறை விரியும். அதை அழிக்க முடியாது. அந்த இடத்தில் ஒரு புதரை வரைந்து மறைப்பதுதான் வழி.

கேள்வி: ஓடும் குதிரை என் படத்தில் நிற்பது போலவே இருக்கிறதே?
– வாசகர், ஆத்தூர்

புகைப்படத்தைப் பார்த்து அப்படியே வரைந்திருப்பீர்கள். 1821-ல் பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ வரைந்த, இங்கிலாந்தின் எப்சம் பந்தயக் குதிரைகள் நான்கு காலையும் முன்னும் பின்னும் நீட்டிப் பறக்கின்றன. 1878-ல் புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் எடுத்த படங்கள், நான்கு காலும் தரையை விடுவது அவை வயிற்றுக்கடியில் மடங்கும்போதுதான் என்று காட்டிவிட்டன. ஆனாலும் கண்ணுக்கு வேகமாகத் தெரிவது ஜெரிக்கோவின் குதிரைதான். தலையைக் கூர்மையாக வரையுங்கள். கால்களையும் வாலையும் பின்பக்கமாக இழுத்து மங்கலாக்குங்கள்.

இன்னொரு வழி நம்மிடமே இருக்கிறது: ஒரே உருவத்தை ஒரே படத்தில் பல இடங்களில் வரைவது. தஞ்சைப் பெரிய கோயில் சோழர் ஓவியத்தில் சுந்தரர், திருமணம் தடைபடும் இடத்திலும் இருக்கிறார், கயிலைக்கு வெள்ளை யானையில் போகும் இடத்திலும் இருக்கிறார். ஒரே சுவரில் ஒரு வாழ்நாள் ஓடுகிறது.

கேள்வி: சேர்வராயன் மலைமேல் மேகம் நகர்வதைப் பிள்ளைகளோடு கரியில் வரைந்து வீடியோ ஆக்க ஆசை. எத்தனை தாள் வாங்க வேண்டும்?
– ஆசிரியை, மேட்டூர்

ஒன்று போதும். தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜின் முறை இது: வரை, படம் எடு, கொஞ்சம் அழி, மாற்றி வரை, மறுபடி படம் எடு. நொடிக்கு 12 படம் என்றால் பத்து நொடிக்கு 120. தாள் 60 செ.மீ. அகலம் என்றால், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போக மேகம் ஒவ்வொரு படத்துக்கும் அரை செ.மீ. நகர வேண்டும்.

வில்லோ மரக்குச்சிக் கரி வாங்குங்கள். கம்ப்ரஸ்டு சார்கோல் எனும் அழுத்தி இறுக்கிய கரி லேசில் அழியாது. பிசைகிற ரப்பரால் முதலில் ஒற்றி, பிறகு இழுங்கள். கொஞ்சம் தடம் மிஞ்சும், மிஞ்சட்டும். மேகம் போன வழி அதுதான். மெல்லிய தாளாக இருந்தால் அழிக்க அழிக்க நார்விடும்.

பலரும் கோட்டைவிடுவது போனில். ட்ரைபாடில் நிறுத்தி ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வைட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் லாக் செய்யுங்கள். இல்லாவிட்டால் வீடியோ மினுக்கும். ஜன்னலைத் திரையிட்டு, இரு பக்கமும் ஒரே மாதிரி எல்இடி பல்பு வையுங்கள். வெள்ளைச் சட்டைக்காரர் தாளுக்குப் பக்கத்தில் நின்றாலே வெளிச்சம் மாறும். போனைத் தொடாமல் ப்ளூடூத் ரிமோட்டில் கிளிக் செய்யுங்கள். கரி உதிராமல் இருக்க ஃபிக்சடிவ் அடிப்பது கடைசிப் படம் எடுத்த பிறகுதான். நடுவில் அடித்துவிட்டால் அதன்பின் ரப்பர் வேலை செய்யாது.