ஒரு கிளிக்கா, இரண்டு கிளிக்கா?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது, கை லேசாக நடுங்கும். ஃபோல்டரை டபுள் கிளிக் செய்தால் திறப்பதில்லை. பெயர் மாற்றும் கட்டம் வருகிறது. சில நேரம் ஃபோல்டரே பக்கத்து ஃபோல்டருக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. மவுஸை மாற்றலாமா?

பதில்: மவுஸ் மேல் தவறில்லை. விண்டோஸின் இயல்பான அமைப்பில் இரண்டு கிளிக்குக்கும் இடைவெளி 500 மில்லிசெகண்டை (அரை நொடி) தாண்டினால் அவை தனித்தனி கிளிக்குகள்தான். முதல் கிளிக்கில் ஃபோல்டர் தேர்வாகிவிடும். தாமதமாக வரும் இரண்டாவது கிளிக் அதன் பெயர்மேல் விழுந்தால், பெயரை மாற்றத்தான் கேட்கிறீர்கள் என்று கணினி எடுத்துக்கொள்ளும். எஸ்கேப் அழுத்தினால் கட்டம் போய்விடும். பெயரை விட்டு, படத்தின்மேல் கிளிக் செய்யச் சொல்லுங்கள். பாதித் தொல்லை அதோடு தீரும்.

மீதிக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும். விண்டோஸ் 11 செட்டிங்ஸில் 'புளூடூத் அண்ட் டிவைசஸ்', அதில் 'மவுஸ்', அதன்கீழ் 'அடிஷனல் மவுஸ் செட்டிங்ஸ்'. திறக்கும் பெட்டியில் டபுள் கிளிக் வேகத்தை 'ஸ்லோ' பக்கம் நகர்த்துங்கள். பக்கத்திலேயே ஒரு ஃபோல்டர் படம் இருக்கும். அப்பாவையே அதில் கிளிக் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் கைக்குத் திறக்கும் இடம்தான் சரியான அளவு.

ஃபோல்டர் ஒளிந்துகொள்வது வேறு விஷயம். பட்டனை அழுத்தியபடியே மவுஸ் சில பிக்சல் நகர்ந்தால் அது இழுப்பது என்று ஆகிவிடும். உடனே கன்ட்ரோல்+இசட் அழுத்தினால் பழைய இடத்துக்கு வந்துவிடும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி: ஒரே கிளிக்கில் தேர்வு செய்து, என்டர் தட்டுவது. (மேக்கில் என்டர் பெயரை மாற்றும், அங்கே கமாண்ட்+ஓ.)

கேள்வி: இணையத்தில் ஒரு கிளிக் போதும்போது, கணினியில் மட்டும் ஏன் இரண்டு?

பதில்: இணையத்தில் லிங்க்கைத் திறப்பதைத் தவிர வேறெதுவும் செய்யப்போவதில்லை. ஃபைலை நகலெடுப்போம், நகர்த்துவோம், அழிப்போம். அதற்கெல்லாம் முதலில் திறக்காமல் தேர்வு செய்ய வேண்டும். 1981-இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினியில், தேர்வு செய்த பிறகு திறக்க விசைப்பலகையில் தனி விசையே இருந்தது. 1983-இன் ஆப்பிள் லிசா கணினியின் மவுஸில் ஒரே பட்டன். ஒரு தட்டு தேர்வுக்கு, இரண்டு தட்டு திறப்பதற்கு என்று பிரித்துவிட்டார்கள்.

ஒரு கிளிக் வேண்டுமென்றால் ஃபைல் எக்ஸ்புளோரரின் மூன்று புள்ளி மெனுவில் 'ஆப்ஷன்ஸ்', 'ஜெனரல்' போய் மாற்றலாம். அதன்பின் தேர்வு செய்ய, ஃபைல்மேல் அம்புக்குறியைச் சற்று நிறுத்தினால் போதும். பல ஃபைல்களுக்கு கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு நிறுத்த வேண்டும். இந்த நிறுத்தல்தான் எரிச்சல். 'வியூ', 'ஷோ' வழியாக 'ஐட்டம் செக் பாக்ஸஸ்' போட்டுக்கொண்டால் கொஞ்சம் நிம்மதி. படம் பார்க்க, பாட்டு கேட்க மட்டும் என்றால் ஒரு கிளிக். நாள் முழுக்க ஃபைல்களை அடுக்குபவர்களுக்கு இரண்டுதான். லினக்ஸில் ஒரு கிளிக்கையே நெடுங்காலம் இயல்பாக வைத்திருந்த கேடிஈ என்ற டெஸ்க்டாப்பும், 2024-இல் அதன் பிளாஸ்மா 6 பதிப்பு வந்தபோது இரண்டுக்கு மாறிவிட்டது.

கேள்வி: ஒருமுறை அழுத்தினாலே இரண்டு கிளிக் விழுகிறது. எந்த செட்டிங்?

பதில்: செட்டிங் இல்லை. பட்டனுக்கு அடியில் உள்ள மைக்ரோ சுவிட்சின் உலோகத் தகடு தேய்ந்து, ஒரே அழுத்தத்தில் இருமுறை தொட்டுத்தொட்டு விலகுகிறது. வேறு கணினியில் செருகிப் பாருங்கள். அங்கேயும் அப்படியே என்றால் சுவிட்சை மாற்ற வேண்டும், அல்லது மவுஸை.