பம்ப்பைக் கழற்றக் கொடுக்க முன் இதைச் செய்யுங்கள்

கேள்வி: 1993ஆம் ஆண்டு ஹைலக்ஸ் கெப், 3எல் டீசல் எஞ்சின், நிலாவெளியில் ஓடுகிறது. காலையில் டீசல் பில்டருக்கு மேலுள்ள கைப்பம்ப்பைப் பலதரம் அமத்தினால்தான் ஸ்டார்ட் ஆகிறது. கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் போனால் இழுவை குறைந்து நிற்கப் பார்க்கிறது. எஞ்சினுக்கு டீசலை அழுத்திக் கொடுக்கும் இன்ஜெக்‌ஷன் பம்ப் முடிந்துவிட்டது, ரீகண்டிஷன் பம்ப் (பழுதுபார்த்த பழையது) போடு என்கிறார்கள். போடலாமா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பம்ப்புக்கு வரும் வழியில் எங்கோ காற்று ஏறுகிறது. இந்த எஞ்சினில் டாங்கிலிருந்து டீசலைத் தள்ளிவிடத் தனிப் பம்ப் கிடையாது, முன்னாலிருக்கும் இன்ஜெக்‌ஷன் பம்ப்தான் அவ்வளவு தூரத்திலிருந்தும் உறிஞ்சி எடுக்கிறது. அதனால் குழாயில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும். கீழே படுத்துப் பார்த்துவிட்டு "லீக் ஒன்றும் இல்லை" என்று சொல்கிறவர் பேச்சில் பாதிதான் உண்மை. இரவில் அந்த ஓட்டையால் காற்று புக, டீசல் டாங்குக்கே இறங்கிவிடும். காலையில் கைப்பம்ப் அடிக்கிறீர்கள்.

ஒரு கானில் சுத்தமான டீசலும், உள்ளே ஓடுவது தெரிகிற ரியூப்பும் எடுங்கள். பில்டருக்கு வரும் டாங்க் ரியூப்பைக் கழற்றி அடைத்துவிட்டு, கானிலிருந்து நேரே பில்டருக்குக் கொடுங்கள். கான் பம்ப்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், உயரத்தில் வைத்தால் டீசல் தானாக இறங்கி, பில்டர் பக்கத்து ஓட்டையை மறைத்துவிடும். எக்சோஸ்ட் சூடு படாத இடத்தில் இறுகக் கட்டி, இரவு அப்படியே விட்டு, காலையில் ஸ்டார்ட் பண்ணி ஒரு ஓட்டம் ஓடிப் பாருங்கள். நன்றாக ஓடினால் பம்ப்பில் பிழை இல்லை, பின்னால் டாங்க் பக்கம் தேடுங்கள். கடற்கரை வாகனங்களில் சேசிஸோடு போகும் இரும்புக் குழாய், கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் உப்புக் காற்றுக்கு அரித்துப் போயிருக்கும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் எல்லோரையும்போல பீப்பாயில் சேர்த்து வைத்த டீசலை ஊற்றியிருந்தால் டாங்கின் அடியில் தண்ணீரும் சகதியும் நிற்கும், இறக்கிக் கழுவுங்கள். வழியில் இழுவை குறையும்போது டாங்க் மூடியைத் திறந்தால் "உஸ்" என்று காற்று உள்ளே போய் வண்டி தெளிகிறதா? அப்படியானால் மூடியின் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது.

கானிலும் அதே தொல்லை என்றால் ரியூப்பை பில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவில் போடுங்கள். குமிழி ஓடினால் பெரும்பாலும் கைப்பம்ப் சீல்தான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அண்மையில் புகைப் பரிசோதனைக்குப் போனீர்களா? ரெவனியூ லைசன்சுக்காக, எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நொசிலைப் பார்க்காமல், எயார் பில்டர் மாற்றாமல், பம்ப்பின் பின்னாலுள்ள டீசல் அளவு ஸ்குரூவைக் குறைத்துப் புகையை மறைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பேப்பர் கிடைக்கும், இழுவை போய்விடும். ஒரு நாள் புகையை அளந்துவிட்டு வருடம் முழுக்க எவரும் திரும்பிப் பார்க்காத இந்த முறையால் எத்தனை நல்ல எஞ்சின்கள் கெடுகின்றன!

ரீகண்டிஷன் பம்ப் விஷயத்துக்கு வருகிறேன். 2020இலிருந்து 2025 வரை வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பழைய கெப் ஒவ்வொன்றும் தங்கமாகிவிட்டது, அதன் சாமானும் அப்படித்தான். "கொழும்பிலிருந்து எடுத்துத் தருகிறேன், பழையதைத் தாருங்கள், விலை குறைக்கிறேன்" என்று நடுவில் நிற்கிற ஆள் கொண்டு வருவது பல தடவை கழுவிப் பெயின்ட் அடித்த பம்ப் மட்டும்தான். உங்கள் நல்ல பம்ப் அவர் கைக்குப் போய், அதுவே நாளைக்கு இன்னொருவருக்கு ரீகண்டிஷன் ஆகும். பில்லும் தரமாட்டார், கேட்க ஆளும் இல்லை.

பம்ப்பே குற்றவாளியாகிற இடமும் உண்டு. குளிரில் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகி, நன்றாகச் சூடேறிய பிறகு நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. அப்போது ஈரத் துணியைப் பம்ப்பின் மேல் போட்டு ஆறவிடுங்கள், ஸ்டார்ட் ஆனால் உள்ளே தேய்ந்துவிட்டது. சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த இடைவெளியால் நழுவுவதால் அழுத்தம் ஏறாது, ஆறினால் கெட்டியாகிப் பிடித்துக்கொள்ளும். இதைக் கான் சோதனை காட்டாது. மண்ணெண்ணெய் கலந்து ஓடிய வண்டிகளில் இது சீக்கிரம் வரும், ஏனென்றால் அந்தப் பம்ப்புக்கு டீசல்தான் எண்ணெய். ஆனால் நீங்கள் சொன்ன ஸ்டார்ட் பிழை காலைக் குளிரில் வருவது, சூட்டில் வருவதல்ல.

எதுவும் அகப்படாமல் கடைசியில் பம்ப்பைக் கழற்றத்தான் வேண்டுமென்றால், உங்கள் பம்ப்பையே சோதனை பெஞ்சில் ஏற்றி ஓட்டிப் பார்க்கும் இடத்துக்கு நீங்களே கொண்டுபோங்கள், மாற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். திரும்பப் பூட்டும்போது தலையில் "அவுட்" என்று அடித்த போல்ட், மிஞ்சிய டீசல் டாங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் பக்கம்தான் போக வேண்டும், அதற்குள் சின்னத் துவாரம் இருக்கிறது, மாறிப் போட்டால் நல்ல பம்ப்பும் ஓடாது.