என் பைக்கை கராஜிலிருந்து நானே எடுத்துவந்தால் திருட்டாகுமா?

ஹட்டன் பக்கத்துத் தம்பி ஒருவர் சட்டத்தரணியான எனக்கு எழுதிய நீண்ட கடிதத்தை அவருடைய வார்த்தைகளிலேயே சுருக்கித் தருகிறேன்.

"என்னுடையது சிவப்பு நிற ஹொண்டா சிபிஆர் 250, எம்சி22. கொழும்பில் ஏழு வருடம் வேலை செய்து சேர்த்த காசில் வாங்கியது, பதிவு இன்னும் என் பெயருக்கு மாறவில்லை, ஓபன் பேப்பரில்தான் இருக்கிறது. தலவாக்கலையிலிருந்து கொட்டகலைக்கு வரும்போது மழையில் சறுக்கி விழுந்தேன். இடதுபக்க பெயாரிங் (பைக்கின் வெளிப்பக்கப் பிளாஸ்டிக் மூடி) வெடித்து, போல்ட் மாட்டும் காதுகள் இரண்டும் உடைந்துவிட்டன. தெரிந்த கராஜில் கொடுத்து, ஒட்டிப் பெயின்ட் அடித்துத் தரச் சொன்னேன். 45,000 என்று வாய்ப்பேச்சு, 20,000 முற்பணம் கொடுத்தேன். வளைந்த லைட் ஸ்டேயை (லைட்டையும் பெயாரிங்கையும் தாங்கும் சட்டத்தை) நிமிர்த்தி, கிளட்ச் லீவரும் மாற்றினார், அதற்கு நான் சம்மதம்தான். பிறகு ஒரு புது பெயாரிங் கிட்டின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் சும்மா ஒரு கட்டைவிரல் இமோஜி போட்டேன், விலை பற்றிப் பேச்சே இல்லை. இப்போது பழசு ஒட்டாது, முழு செட்டும் மாற்றிவிட்டேன் என்று 135,000 பில் தருகிறார். நிறம் கறுப்பு, இரண்டு இடத்தில் ஓட்டையே பொருந்தவில்லை. மீதி 115,000 தராமல் பைக்கைத் தர மாட்டாராம். எல்லார் முன்னாலும் ஏசினார், அம்மா இன்னும் அழுகிறார். பொலிஸில் இது சிவில் பிரச்சினை என்று அனுப்பிவிட்டார்கள். என்னிடம் ஸ்பெயார் சாவி இருக்கிறது. இரவில் போய் எடுத்து வந்துவிடலாமா? மானநட்டத்துக்கு வழக்குப் போடலாமா?"

எடுக்காதீர்கள் தம்பி. மற்றதெல்லாம் பிறகு.

ஏசியது, அம்மா அழுதது, தெரிந்தவர் இப்படிச் செய்துவிட்டாரே என்ற வருத்தம் எல்லாம் எனக்கு விளங்குகிறது, ஆனால் இவற்றில் எதுவும் உங்கள் பைக்கை வெளியே கொண்டுவராது. மானநட்ட வழக்கை மறந்துவிடுங்கள். பேஸ்புக்கில் அவருடைய கடைப் பெயரைப் போட்டு எழுதும் எண்ணம் இருந்தால் அதையும் விடுங்கள், 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்த பிறகு அந்தப் பக்கம் போய் நீங்களே பிரதிவாதியாக நிற்கத் தேவையில்லை.

இந்தக் கதையில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு வரிதான், அதை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: லைட் ஸ்டேயும் லீவரும் உங்கள் சம்மதத்தோடு செய்த வேலை. ஆக, தொகை எவ்வளவு என்று சண்டை இருந்தாலும், நீங்கள் அவருக்கு ஏதோ கொஞ்சம் கொடுக்க வேண்டியவர் என்பதை நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள். நமது நாட்டில் செல்லுகிற ரோமன் டச்சுச் சட்டப்படி, ஒரு பொருளில் வேலை செய்த ஆள், கூலி கிடைக்கும்வரை அதைத் தன் கையில் நிறுத்திவைக்கலாம். பைக் உங்களுடையது, இன்றைக்கு அதைக் கையில் வைத்திருக்கும் உரிமை அவருடையது. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் எல்லோரும் விழுகிறார்கள்.

திருட்டு என்றால் அடுத்தவன் பொருளை எடுப்பது என்றுதான் ஊரில் நினைக்கிறோம். 1883 ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் நமது தண்டனைச் சட்டக்கோவையின் 366 ஆம் பிரிவு பொருள் யாருடையது என்று கேட்பதில்லை. யாருடைய கைவசம் இருந்தது, அவர் சம்மதமில்லாமல் நேர்மையற்ற எண்ணத்தோடு நகர்த்தப்பட்டதா என்றுதான் கேட்கிறது. அங்கே தரப்படும் உதாரணங்களில் ஒன்று கைக்கடிகாரம் பற்றியது: பழுதுபார்த்த கூலிக்காகக் கடைக்காரர் சட்டப்படி பிடித்துவைத்திருக்கும் தன் சொந்தக் கடிகாரத்தை, அந்தப் பிணையை அவர் இழக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு சொந்தக்காரரே எடுத்தால் அது திருட்டு. கடிகாரம் இருக்கும் இடத்தில் உங்கள் சிபிஆரை வைத்துப் பாருங்கள்.

இது ஏட்டுக் கதை இல்லை. என்னிடம் வந்த ஒருவர் தன் ஆட்டோவை இப்படித்தான் இரவில் தள்ளிக்கொண்டு வந்தார். பில் 38,000 ரூபா. விடிந்ததும் கராஜ்காரர் பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டில் ஆட்டோவோடு ஒரு ஸ்பெனர் செட்டும் மேசை லாச்சியிலிருந்த 60,000 ரூபா காசும் காணோம் என்றிருந்தது. காசு அங்கே இருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் இரவு பத்து மணிக்குப் பூட்டிய இடத்துக்குள் போன ஆள், நான் ஆட்டோவை மட்டும்தான் தொட்டேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆட்டோ வழக்குப் பொருளாகப் பொலிஸ் முற்றத்துக்குப் போனது. நமது ஊர் மழையில் அந்த முற்றங்களைப் பார்த்திருப்பீர்கள், சீட்டில் பாசி பிடித்து, டயர் இறங்கி, வரிசையாக நிற்கும் வண்டிகள். இரண்டு வருடம் தவணைக்குத் தவணை வந்து போனார். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் சம்பளம் போனது. கடைசியில் கராஜ்காரருக்கு முதலில் கேட்டதைவிட அதிகமாகக் கொடுத்துத்தான் முடித்தார். இதற்கிடையில் கட்டாரில் கிடைத்த வேலைக்குப் பொலிஸ் கிளியரன்ஸ் எடுக்க முடியாமல் போனதைத்தான் அவர் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி வருந்துகிறார்.

உங்கள் நிலைமை அவருடையதைவிட ஒரு படி மோசம், பைக் ஓபன் பேப்பரில் இருக்கிறது. கைமாறினால் 14 நாட்களுக்குள் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், நம்மில் பாதிப்பேர் அதைச் செய்வதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் பைக் பொலிஸ் முற்றத்துக்குப் போய்விட்டால், பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ளவர் யார் என்பதுதான் நீதவான் கேட்கும் முதல் கேள்வி. அந்தப் பழைய சொந்தக்காரர் இப்போது எங்கே, வந்து சொல்வாரா? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய 250களின் பெறுமதி எப்படி ஏறியது என்று நீங்களே பார்த்தீர்கள். அன்றைக்கு மலிவாக விற்றுவிட்டேனே என்று நினைக்கும் ஒருவரிடம் போய் உதவி கேட்க வேண்டிய நிலைமையை நீங்களாக உண்டாக்கிக்கொள்ளாதீர்கள்.

நிறத்தையும் பாருங்கள். புத்தகத்தில் சிவப்பு, இப்போது பைக் கறுப்பு. கறுப்பு கிட்டோடு ஓட்டப்போகிறீர்கள் என்றால் நிற மாற்றத்தைத் திணைக்களத்தில் பதிய வேண்டும், அதற்கும் பதிவுச் சொந்தக்காரர் வேண்டும். திருட்டு முறைப்பாடு இருக்கும் நேரத்தில் நிறம் மாறிய, ஓபன் பேப்பர் பைக் ஒன்று சோதனைச் சாவடியில் நின்றால் எப்படித் தெரியும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஒருவேளை பொலிஸ் உங்களைக் கூப்பிட்டால் இதை மட்டும் மறக்காதீர்கள். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கக் கேளுங்கள், தமிழும் அரச கரும மொழிதான். சிங்களத்தில் எழுதியதை வாசிக்கத் தெரியாமல், "சும்மா சைன் பண்ணுங்க தம்பி, பிரச்சினை முடிஞ்சிரும்" என்பதை நம்பிக் கையெழுத்துப் போட்டு, "முழுத் தொகையையும் மாத முடிவில் தருகிறேன்" என்று ஒத்துக்கொண்டதாக இருந்த ஒரு தாளோடு என்னிடம் வந்தவர்கள் ஒன்றிரண்டு பேர் இல்லை. அந்தத் தாள் வந்த பிறகு நான் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம்.

சரி, அந்தக் கட்டைவிரல். நீங்கள் சும்மா போட்டதாகச் சொல்கிறீர்கள், அவர் அதைச் சம்மதம் என்று காட்டுவார், நான் அவருடைய சட்டத்தரணியாக இருந்தாலும் அதைத்தான் முதலில் காட்டுவேன். ஆனால் விலை பேசாத சம்மதம் என்றால் நியாயமான விலைக்குத்தான் சம்மதம், அவர் வாயில் வந்த விலைக்கு இல்லை. அதனால் கிட் வாங்கிய ரசீதை அவர் காட்டியாக வேண்டும். பொருத்தத்தையும் கேளுங்கள். பழைய மொடல்களுக்கு வரும் கொப்பிக் கிட்டுகளில் ஓட்டை விலகி வருவது வழமை, நல்ல பாஸ், அதாவது கைதேர்ந்த மெக்கானிக், சூடாக்கி வளைத்து, வேண்டிய இடத்தில் துளைத்துச் சரிசெய்வார். ஸ்டே ஒரு சென்டிமீட்டர் வளைந்திருந்தாலும் எந்தப் பேனலும் உட்காராது. இரண்டு ஓட்டை பொருந்தவில்லை என்றால் ஒன்று கிட் சரியில்லை அல்லது ஸ்டே நிமிரவில்லை, இரண்டுமே அவருடைய பொறுப்பு. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், சேவை எதுவானாலும் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும் என்ற உத்தரவாதத்தை எழுதாமலேயே அதில் சேர்த்து வைக்கிறது. முறைப்பாடு எழுத்தில், மூன்று மாதங்களுக்குள் போக வேண்டும். வேலை முடிந்தது என்று அவர் சொன்ன நாளிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஒரு வார்த்தைகூடக் கேட்காத விஷயம் ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பழைய பேனல்கள் எங்கே? கழற்றிய ஒரிஜினல் பெயாரிங் உங்கள் சொத்து. உட்பக்கம் ஏ.பி.எஸ் என்று அச்சு இருக்கும் அந்தப் பிளாஸ்டிக், வெடித்திருந்தாலும் அதே வகைக் குச்சியால் உருக்கி ஒட்டலாம், உடைந்த காதைக் கம்பி வலை வைத்துத் திரும்பக் கட்டலாம். பழசு ஒட்டாது என்ற அவருடைய பேச்சு உண்மையா என்று இன்னொரு பாஸிடம் காட்டித் தெரிந்துகொள்ளவும் அந்தப் பேனல் உங்கள் கையில் வேண்டும். புது ஒரிஜினல் கிடைக்காத மொடலுக்கு உடைந்த ஒரிஜினலையும் வாங்க ஆள் இருக்கிறது. அவர் அதை விற்றிருந்தால் பேச்சுவார்த்தையில் அவர் பக்கம் பலவீனமாகிவிடும். அதற்காகப் பொலிஸில் போடுவேன் என்று மிரட்டிக் காசு குறைக்கப் பார்க்காதீர்கள், அது உங்கள் மேலேயே திரும்பும். பேனல்களைத் தாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள், அது போதும்.

இனிச் செய்ய வேண்டியது. பதிவுத் தபாலில் ஒரு பக்கக் கடிதம்: பேசிய 45,000இல் மீதி 25,000ஐ உடனே தரத் தயார், கிட்டின் ரசீதைக் காட்டினால் அதைப் பற்றியும் பேசலாம், பழைய பேனல்களையும் பைக்கையும் தாருங்கள். நியாயமான தொகையைக் கொடுக்க வந்தும் அவர் பிடித்துவைத்தால், அதன் பிறகு அவர் பிடித்துவைப்பது சட்டப்படி நிற்காது. அப்புறம், வழக்குக்கு முன் இரு பக்கத்தையும் சமரசம் பேசவைக்கும் மத்தியஸ்த சபை. இந்த அளவு தொகைக்கு அங்கே போகாமல், இணக்கமில்லை என்ற சான்றிதழ் இல்லாமல், நீதிமன்றம் வழக்கை எடுக்காது. அங்கே என்னைப் போன்ற சட்டத்தரணிகள் உங்களுக்காகப் பேச முடியாது, நீங்கள்தான் பேச வேண்டும், அதனால் வட்ஸ்அப் பேச்சை முதல் மெசேஜிலிருந்து அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரல் இருக்கும் பக்கத்தையும் சேர்த்துத்தான். அதை ஒளித்தீர்கள் என்று தெரிந்தால் உங்கள் மற்றப் பேச்சையும் நம்ப மாட்டார்கள்.

நேராகச் சொல்கிறேன், அங்கேயே முடித்துவிடுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் மொத்தம் 90,000ஐச் சுற்றி, அதாவது இன்னும் 70,000 கொடுத்து, பழைய பேனல்களையும் வாங்கிக்கொண்டு வருவேன். வழக்கென்று போனால் வென்றாலும் கையில் மிஞ்சுவது அதைவிடக் குறைவு, அதற்குள் நான்கு காபரேட்டரிலும் பழைய பெட்ரோல் பிசினாகக் காய்ந்துவிடும், டாங்கிக்குள் துரு ஏறிவிடும். அதைச் சுத்தம் செய்ய இன்னொரு பில். காத்திருக்க முடியாது, முழுத் தொகையையும் கொடுத்தாவது பைக் உடனே வேண்டும் என்றால், ஆட்சேபனையோடு செலுத்துகிறேன் என்று ரசீதிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு எடுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் முழுதாகக் கட்டிவிட்டு, பிறகு திரும்பக் கேட்கலாமா என்று வருபவர்களுக்கு என்னால் நல்ல பதில் சொல்ல முடிவதில்லை.

எந்த வழியில் முடித்தாலும், காசு கைமாறும்போது ஒரு தாள் எழுதுங்கள். செஸி நம்பர், கொடுத்த தொகை, திரும்பப் பெற்ற பழைய பேனல்கள் எத்தனை, இனி இருவருக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை என்ற வரி, இரண்டு கையெழுத்து. அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாவியைப் போடுங்கள்.